இடுப்பு அல்ல, அதற்குக் கீழே

என் நோய் ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை. ஓர் உடைமரத்தடியில் தொடங்கியது.

விடிவதற்கு முன்னால் பெண்கள் ஒதுங்கும் காட்டுப்பக்கம் அது. போன வேலை முடிந்து எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. வலது பக்கம், உட்காரும் சதைக்குள்ளிருந்து ஒரு கம்பி புறப்பட்டு, தொடையின் பின்பக்கமாக ஓடி, குதிகாலில் போய் நின்றது. கைக்கு அகப்பட்ட கிளையைப் பிடித்து எழுந்தேன். முள் உள்ளங்கையில் ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து செம்பைக் கீழே வைத்தபோதுதான் இரத்தத்தைப் பார்த்தேன்.

மருமகள் வடிவு கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்ன அத்த, எங்கன விழுந்தீக?"

"விழல. இடுப்புல பிடிச்சுக்கிட்டு."

இடுப்பு என்று அன்று சொன்னேன். அதற்குப் பிறகு எல்லாரும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு என் இடுப்புக்கு வைத்தியம் செய்தார்கள். எனக்கு இடுப்பில் வலி இல்லை. அதற்குக் கீழே. எழுந்து நின்று சதையை இறுக்கினால் பக்கவாட்டில் ஒரு குழி விழும், அந்தக் குழிக்குள். அந்த இடத்துக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. சண்டையில் எல்லாரும் சொல்வார்கள். வலியில் யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் அதிகம் படித்தவள் அல்ல. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் பகல் போய்விடுகிறது. போகட்டும். இதே இடத்தில் இதே வலியோடு, அடுத்தவள் கையைப் பிடித்து உட்கார்ந்து எழுகிற பெண்கள் சங்கரன்கோவிலில் மட்டும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு பருத்திக்காடும் கிணற்றுத் தோட்டமும் என் பார்வையில்தான் நடந்தன. வேலையாட்கள் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. அதனால், நான் உட்கார முடியாமல் நிற்கிறேன் என்பதை வெகுநாள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் வடிவுதான் கண்டுபிடித்தாள். "அத்த நின்னுக்கிட்டே சாப்பிடுதாக" என்று என் மகன் கோமதிநாயகத்திடம் சொன்னாள். அவன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. மறுநாள் லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். மகன் நடுவில்.

"அம்மாவுக்கு என்ன செய்யுது?" என்று அவனிடம் கேட்டார்.

"இடுப்பு வலி சார்."

"எப்ப இருந்து?"

"பருத்தி எடுப்புல இருந்து."

"வயசு அறுவது இருக்குமா?"

"இருக்கும் சார்."

"வயசாச்சில்லா" என்றார்.

என் வயிற்றில் பிறந்தவனிடம் என் வலியைக் கேட்டார். அவனும் தன் வலியைப் போலப் பதில் சொன்னான். என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதை மரியாதை என்று அவர் நினைத்திருப்பார். நானும் அன்றைக்கு மரியாதை என்றுதான் நினைத்தேன். லும்பாகோ (இடுப்புத் தசை பிடித்துக்கொள்வது) என்று எழுதி, குடிக்க ஒரு மருந்தும் பெல்லடோனா பிளாஸ்திரியும் (வலியை மரக்கவைக்கும் மருந்து தடவிய ஒட்டுத்துணி) கொடுக்கச் சொன்னார்.

வடிவு அந்தத் துணியை என் இடுப்பில் ஒட்டினாள். வலி அதற்கு ஒரு சாண் கீழே இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தேன்.

பிளாஸ்திரிக்குப் பிறகு கோயில் புற்றுமண். அதற்குப் பிறகு எண்ணெய், ஒத்தடம். எல்லாம் இடுப்புக்கு. கடைசியில் ராயகிரிப் பக்கத்திலிருந்து சூடு போடுகிறவர் ஒருவரை வரவழைத்தார்கள். மாடு காலை இழுத்து நடந்தால் கூப்பிடுகிற ஆள்.

என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மகன் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்த மனிதர் என் சேலைக் கட்டைத் தளர்த்தி இறக்கினார். கட்டைவிரலால் அமுக்கி இடம் பார்த்தார். பழுத்த இரும்பை வைத்தார், எடுத்தார், பக்கத்தில் மறுபடி வைத்தார். வாசலில் அக்கம்பக்கத்து ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவேன்.

புண் ஆறும்வரை அந்த எரிச்சலில் உள்வலி தெரியவில்லை. "பாத்தியா, சூட்டுக்குக் கேட்டுட்டு" என்று சொல்லிக்கொண்டார்கள். புண் ஆறியது. கம்பி மறுபடி ஓடியது.

அப்போது ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். நூறு சுற்று, ஐந்நூறு சுற்று என்று அவரவர் வேண்டுதலுக்குத் தக்கபடி சுற்றுவார்கள். கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தபசு இருந்தவள். சுற்றுகிறவர்களின் கால்வலியை அவள் தன் காலில் வாங்கிக்கொள்கிறாள் என்பது நம்பிக்கை. வேறு ஊரென்றால் கால்வலிக்காரியை நடக்காதே என்பார்கள். எங்கள் ஊரில் கால்வலிக்காரிதான் முதலில் நடக்க வேண்டும்.

தெருவே சொன்னது. "அம்மைகிட்ட குடுத்துட்டு வந்துருங்க மதினி" என்று எதிர்வீட்டுக்காரி சேலையை மடித்துக் கையில் கொடுத்தாள். வடிவு மட்டும், "இந்தக் காலோடயா அத்த?" என்றாள். அவள் பேச்சை நானே அடக்கினேன்.

சுற்றினேன். வலி கூடியது. கூடக்கூட, அம்மை வாங்கப் போகிறாள், வாங்கப் போகிறாள் என்று வேகமாக நடந்தேன். பிறகு வலது பாதம் தரையைவிட்டு எழும்ப மறுத்தது. கல்லில் விரல் இடறி, கூட்டத்தின் காலடியில் விழுந்தேன். மாட்டுவண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வண்டி குலுங்கியபோதெல்லாம் நான் அம்மனைத் திட்டினேன். நீ ஒற்றைக் காலில் நிற்கிறாய், என்னை ஒற்றைக் காலில் படுக்கவைத்துவிட்டாயே என்று.

படுத்தவள் எழவில்லை. உட்கார வேண்டுமானால் வடிவு இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்க வேண்டும். கொல்லையில் மறைப்புக் கட்டினார்கள். அங்கேயும் அவள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒருநாள் மகன் ஆசாரியிடம் சொல்லிச் செய்த கட்டில் ஒன்று வந்து இறங்கியது. நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டியிருந்தது. கீழே சட்டி வைப்பதற்கு. என் மாமியார் கடைசியாகப் படுத்ததும் அந்த மாதிரிக் கட்டிலில்தான். அதிலிருந்து அவர்கள் எழுந்து நான் பார்க்கவில்லை.

"என்னலே இது?"

"ஒன் வசதிக்குத்தாம்மா. வடிவும் எத்தன தடவதான் தூக்குவா?"

"அவ சொன்னாளா?"

வடிவு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். "நான் சொல்லல அத்த. இவுகளாச் செஞ்சுட்டு வந்திருக்காக."

"அப்படின்னா ராத்திரி அவனே அதுல படுக்கட்டும்" என்றேன்.

கட்டிலைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். படுத்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த ஓட்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒருமுறை என்னைக் கிடத்திவிட்டால் பிறகு என்னை எழுப்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது. இன்னொருத்தி கை இல்லாமல் நான் உட்கார்ந்து எழ வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்த வாரம் மைதீன் வந்தார். கடையநல்லூர்க்காரர். பினாங்கில் ஒரு சீன வைத்தியரின் மருந்துக்கடையில் பல வருஷம் இருந்தவர். யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் ஊர் திரும்பி, பருத்தி வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் பருத்தியும் அவருக்குத்தான் போகும். பினாங்கு என்று வாயெடுத்தால் நிறுத்தமாட்டார். அதில் பாதி பெருமை என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். "இதெல்லாம் ஒரு வியாதியாக்கா? பினாங்குல எங்க மொதலாளி சீனன் ஒத்த ஊசி வப்பான். தூக்கிட்டு வந்தவன் எந்திரிச்சு ஓடிப் போவான்."

"ஓடிப் போனவன் திரும்பி வந்து ஒம்ம அடிக்கலியா?"

அவர் சிரித்தார். பிறகு, "அது கெடக்கட்டும். எங்கன வலிக்கு? வாயால சொல்லாண்டாம். ஒத்த வெரல வச்சுக் காட்டுங்க" என்றார்.

இத்தனை மாதத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சேலைக்கு மேலேயே விரலை வைத்தேன். அந்தக் குழியில்.

மகன் என்னைப் பார்த்தான். வடிவு, என் இடுப்பில் பிளாஸ்திரி ஒட்டிய தன் கையைப் பார்த்தாள்.

"சீனன் அந்த எடத்துக்குப் பேரே வச்சிருக்கான்" என்றார் மைதீன். "வளைஞ்சு குதிக்கிற எடம்னு அர்த்தம். தவள குதிக்க முந்தி மடங்குதுல்லா, அந்த மடக்கு. இடுப்பு, சப்பை, காலு எல்லாத்துக்கும் அங்கனதான் ஊசி எறக்குவான். கூட இருந்து நானும் படிச்சுக்கிட்டேன்."

"எனக்குக் குதிக்க வேண்டாம். குத்தவச்சு எந்திரிச்சாப் போதும்."

மகன் குறுக்கே வந்தான். "பாய், ஒங்க மேல உள்ள மரியாதையில சொல்லுதேன். அது சரிப்படாது."

"முட்டிக்குப் பின்னால ஒரு எடம் இருக்கு தம்பி. அதுவும் இடுப்புக்குத்தான். ஆனா இவுகளுக்கு வலி மேலல்லா இருக்கு."

"எங்கனயா இருந்தாலும் வேண்டாம் பாய்." என் பக்கம் திரும்பினான். "அம்மா, ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு எனக்குக் கொல்லைக்குத் துணைக்கு வருமா?"

"அப்பா இருந்தா இதுக்குச் சம்மதிப்பாகளா?"

"அவுக இருந்தா அவுகளுக்கும் சேத்து நான்தாம்ல பதில் சொல்லியிருப்பேன். சூடு போட வந்தானே, அவன் பொம்பளயா?"

"அது காலங்காலமா உள்ள வழக்கம்மா."

"என் சேலைய எறக்கினான். நீ தோள அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்த. வாசல்ல ஊரே நின்னுது. அதுக்கு வழக்கம்னு பேரு, இதுக்கு மானம்னு பேரா? இந்தா இந்தக் கட்டில்ல ஓட்ட போட்டுக் கொண்டாந்திருக்கியே, அதுல என்னயக் கெடத்துனா அப்ப என் மானம் எங்கன இருக்கும்? கட்டிலுக்குக் கீழயா?"

மைதீன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி வடிவு, கத்திரிக்கோலக் கொண்டா. என் பழய சேல ஒண்ணும் கொண்டா."

சேலையை மடித்து வைத்து நடுவில் நானே ஓட்டை வெட்டினேன். வெள்ளி ரூபாய் அளவு. மகன் கட்டிலில் வெட்டியதைவிட ரொம்பச் சின்ன ஓட்டை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போய்விட்டான். அன்று ஞாயிற்றுக்கிழமை.

மைதீன் பையில் வைத்திருந்த பினாங்கு ஊசிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவைத்தார். நான் தரையில் இடது பக்கமாக ஒருக்களித்து, வலது முட்டியை மடக்கிப் படுத்தேன். வடிவு சேலையால் மூடினாள். தொடையெலும்பின் மொட்டு எங்கே, முதுகின் வால் எலும்பு எங்கே என்று அவர் துணிக்கு மேலேயே விரல் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் இடையில், மொட்டை ஒட்டி மூன்றில் ஒரு பங்கு தூரம். அங்கே ஓட்டை வரும்படி வடிவு துணியை நகர்த்தினாள்.

அவ்வளவு பேசுகிற மனிதர் அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கை நடுங்குகிறதா என்று வடிவிடம் கேட்டேன்.

"லேசா, அத்த."

"நடுங்கி முடிச்சிட்டுக் குத்தச் சொல்லு."

ஊசி தோலில் ஏறியது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. உள்ளே போகப்போக வலி இல்லை, ஒரு பாரம் வந்தது. நனைந்த பருத்திமூட்டையைக் காலின்மேல் வைத்ததுபோல. பிறகு அந்தக் கம்பி துள்ளியது. தொடை, கெண்டைச்சதை, குதிகால் என்று அதே வழியில் ஓடியது. ஆனால் இந்தத் தடவை அது எங்கே தொடங்குகிறது என்று என்னைத் தவிர அங்கே இன்னும் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. நான் அழுதேன். வலியினால் இல்லை.

எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. மறுநாள் வலி கூடிவிட்டது. மகன் முகத்தில் ஒரு திருப்தியைப் பார்த்தேன். அந்தத் திருப்திக்காகவே மைதீனை மறுபடி வரச்சொன்னேன். வாரத்தில் ஒருநாள் வந்தார். இடையில் வடிவு கட்டைவிரலால் அதே குழியில் நிதானமாக அமுக்கிப் பிடிப்பாள். கம்பி கெண்டைச்சதையோடு நின்றது. அடுத்து முட்டியோடு. சில நாள் பழையபடி குதிகாலுக்குப் போய்விடும். பாதம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது.

ஐப்பசி மழை விட்ட ஒரு விடியலில் செம்பை எடுத்துக்கொண்டு அதே உடைமரத்தடிக்குப் போனேன். வடிவு தூரத்தில் திரும்பி நின்றுகொண்டாள். உட்கார்ந்தேன். எழுந்தேன். கிளையைப் பிடிக்கவில்லை.

"என்ன அத்த, வரட்டுமா?" என்று குரல் கொடுத்தாள்.

"ஒன் சோலியப் பாருட்டி" என்றேன். அவள் அங்கேயே நின்று சிரித்தது கேட்டது.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டர். இந்தத் தடவை மகனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு வடிவோடு உள்ளே போனேன். எங்கே வலித்தது என்பதை, சண்டையில் சொல்கிற அந்தச் சொல்லாலேயே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் படுக்கச் சொல்லி, காலைத் தூக்கிப் பார்த்தார். பாதத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது சயாட்டிகா" என்றார் (இடுப்பெலும்புக்குள்ளிருந்து கிளம்பி, உட்காரும் சதை வழியாகக் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பில் வருகிற வலி). "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா பலகையில படுக்கவச்சு ஓய்வு குடுத்திருப்பேன். நடந்திருக்கவே கூடாது. ஏம்மா சொல்லல?"

"நீங்க என்கிட்டயா கேட்டீக? என் மகன்கிட்டல்லா கேட்டீக."

பிறகு ஊசியைப் பற்றியும் சொன்னேன். அக்குபங்சர் (ஊசி குத்தி வலி போக்கும் சீன வைத்தியம்) என்று பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறாராம். அது சுகப்படுத்தியதா, இத்தனை மாதம் படுத்துக் கிடந்ததில் நரம்பு தானே ஆறியதா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதமாட்டேன். ஆனால் அந்தச் சதைக்கு அடியில் பெரிய நரம்பு போகிறது, கண்டவர்களை நீள ஊசி இறக்க விடாதீர்கள், கொதிக்க வைக்காத ஊசியைத் தொடவிடாதீர்கள் என்று அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பாதம் எழும்பாவிட்டாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ எந்தச் சுற்றும் சுற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனால் உங்கள் வாயால் பேசுங்கள். மகன் பேச ஆரம்பித்தால் வெளியே அனுப்புங்கள்.

கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வலித்த இடத்தைத் தவிர எல்லா இடத்தையும் தொட்டார்கள். சூட்டுத் தழும்பு இடுப்பில் இருக்கிறது. குளிக்கும்போது கை படும். அங்கே எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

கட்டில் இப்போது கொல்லையில் கிடக்கிறது. வடிவு அதில் வத்தல் காயப்போடுகிறாள். ஓட்டை வழியாகப் பாதி கீழே விழுந்துவிடுகிறது என்று புருஷன் காதில் விழும்படி முனகுவாள். அவன் பலகை வாங்கி அடைத்துத் தருகிறேன் என்கிறான். அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வலது பாதத்தின் ஓரம் இன்னும் மரத்திருக்கிறது. செருப்பு கழன்று போனால் தெரிவதில்லை. காலையில் நான் விழித்துச் சற்று நேரம் கழித்துத்தான் அந்தக் கால் விழிக்கிறது. முன்பெல்லாம் வெயிலை வைத்துப் பொழுது பார்ப்பேன். இப்போது காலை வைத்துப் பார்க்கிறேன். உட்கார்ந்தது போதும் என்று அது சொன்னால் எழுந்துவிடுவேன், எதிரில் யார் பேசிக்கொண்டிருந்தாலும்.

மறுவருஷம் ஆடித்தபசன்று, அம்மனைக் கொண்டுவந்து நிறுத்தும் மண்டபத்தின் முன்னால் போய் நின்றேன். சுற்றவில்லை. ஒற்றைக் காலில் அம்மன் நின்றுகொண்டிருந்தாள். காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் காணிக்கையாக அள்ளி எறிந்தார்கள். சுற்றி முடித்து வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கும்பிட்டு, தங்கள் கால்வலியை அவளிடம் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒற்றைக் காலில் நிற்கிறவளுக்கு உடம்பின் பாரம் முழுவதும் எந்த இடத்தில் போய் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

கை கூப்பி நின்றேன். வடிவு காதருகே கேட்டாள்.

"என்ன அத்த, இவ்வளவு நேரமா வேண்டுதீக?"

"வேண்டல" என்றேன். "எங்கன வலிக்குன்னு கேட்டேன்."